அப்டேட் நின்றுபோன போனில் எந்தத் திறமூல இயங்குதளம் போடலாம்?

"கம்பெனி ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக ஒரு திறமூல ஓஎஸ் போட வேண்டும், எது சிறந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். திறமூலம் என்றால் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது. போன் மாடலைச் சொல்லவில்லை. அப்டேட் நின்றுபோன, ஆனால் நன்றாக ஓடுகிற போன் உங்களிடம் இருக்கிறது, புதிது வாங்க மனம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

எது என்பதை உங்கள் போன்தான் முடிவு செய்யும். கணினியில் லினக்ஸ் போடுவதைப் போல இது இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் யாராவது தனியாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். கூகுளின் பிக்சல் போன், அதுவும் கூகுள் இன்னும் அப்டேட் தருகிற மாடல் வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், பாதுகாப்புக்குப் பேர்போன கிராபீன்ஓஎஸ். பிக்சலில் மட்டும்தான் அது ஓடும். வேறு ஓஎஸ் போட, போனைத் தொடக்கிவைக்கிற பூட்லோடர் என்கிற நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும்; அதுதான் அன்லாக். கிராபீன்ஓஎஸ் போட்ட பிறகு அதை மறுபடி பூட்டலாம். கூகுள் பிளேயைப் போட்டுக்கொண்டால் அதுவும் மற்ற செயலிகளைப் போல எந்தச் சிறப்பு அதிகாரமும் இல்லாமல் உள்ளே கிடக்கும். வேறு போன், அல்லது அப்டேட் நின்றுபோன பிக்சல் என்றால், ஆண்ட்ராய்டின் திறந்த நிரலிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கும் லினேஜ்ஓஎஸ் தளத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் உங்கள் மாடலைத் தேடுங்கள். 2016 கடைசியில் சயனோஜென்மாட் என்ற பழைய திறமூல ஓஎஸ் மூடப்பட்டபோது அதன் மூல நிரலிலிருந்து தொடங்கியது அது. பட்டியலில் இல்லையா? டெலிகிராம் குழுவில் யாரோ போட்ட பில்டை (தயார் செய்த ஓஎஸ் கோப்பை) நம்பி இறங்காதீர்கள்.

இந்தக் கேள்விக்கு நான் ஏன் பதில் எழுதுகிறேன் என்றால், எங்கள் அம்மாவின் போன். 2018ல் வாங்கிக் கொடுத்தது. அந்த வருடத்தின் உயர்ரகச் சிப், 6 ஜிபி ராம், திரையில் ஒரு கீறல் கிடையாது. ஆண்ட்ராய்ட் 10 வந்ததோடு கம்பெனி கைகழுவிவிட்டது. பேட்டரி மாற்றக் கடைக்குப் போனால், "இனிமே இதுக்கு ஒண்ணும் வராதுங்க, புதுசு வாங்கிடுங்க" என்கிறார் பையன். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. நல்ல பொருளைக் குப்பை என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

பூட்லோடரைத் திறக்கக் கம்பெனி தருகிற அன்லாக் அனுமதிக்குக் காத்திருந்து, லினேஜ் போட்டேன். முதலில் சோதித்தது கேமராவை இல்லை, வோல்ட்இ அழைப்பை, அதாவது 4ஜி வழியாகப் பேசுவதை. அம்மாவிடம் இருப்பது ஜியோ சிம். ஜியோவில் 2ஜியும் இல்லை 3ஜியும் இல்லை. வோல்ட்இ வேலை செய்யாவிட்டால் யாருக்கும் போன் பேச முடியாது. பேச முடிந்தது. அப்புறம் வாட்ஸாப், யூடியூப், கேஸ் புக்கிங் எல்லாம் ஓடின. பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. எனக்கு அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

"கூகுள் செயலிகளையும் போட்டுவிட்டு என்ன திறமூலம்?" என்று சிலர் வருவார்கள். போட்டேன். அது அம்மாவின் போன், என் கொள்கைகளின் கண்காட்சி இல்லை. கூகுளே வேண்டாம் என்பவர்களுக்கு கூகுள் சேவைகளுக்குத் திறமூல மாற்றான மைக்ரோஜியுடன் வருகிற /இ/ஓஎஸ் இருக்கிறது. "பூட்லோடர் திறந்திருந்தால் பாதுகாப்பு போச்சே" என்றும் சொல்வார்கள். போன் திருடன் கைக்குப் போனால் அது ஆபத்துதான், ஒப்புக்கொள்கிறேன். சிப் கம்பெனி தரவேண்டிய பர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தங்களையும் லினேஜால் உருவாக்க முடியாது. ஆனால் எந்தத் திருத்தமும் வராமல் கிடந்த பழைய ஆண்ட்ராய்ட் 10ஐ விட இது மேல்.

ஓடாதது வங்கிச் செயலி. ரூட், அதாவது போனின் முழு அதிகாரத்தைக் கைப்பற்றுவது, எதுவும் செய்யவில்லை. ஆனாலும் திறந்த உடனே மூடிக்கொள்கிறது. போனில் கைவைக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கிற கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி, அன்லாக் செய்த போனுக்கு முழுச் சான்று தராது. அந்தச் சான்றைக் கேட்கிற செயலி அதோடு நின்றுவிடும். சரி, கிளைக்கே போவோம் என்று அம்மாவைக் கூட்டிப்போனால், பாஸ்புக் அச்சடிக்கிற இயந்திரம் பழுது. கவுன்டரில் அடித்துத் தர மாட்டார்களாம், "ஆப்ல பாத்துக்கோங்கம்மா" என்கிறார்கள். பென்ஷன் வந்ததா என்று தாளில் பார்க்க நினைக்கிற ஒரு அறுபத்தெட்டு வயதுப் பெண்மணிக்கு ஒரு வரி அச்சடித்துத் தருவதில் வங்கிக்கு என்ன நஷ்டம்? அவர் வாழ்நாள் சேமிப்பு முழுக்க அங்கேதானே இருக்கிறது? இயந்திரம் எப்போது சரியாகும் என்று கேட்டால் மேலே எழுதியிருக்கிறோம் என்பார்கள். இதைக் கேட்பதற்கு ஆளே இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வங்கிச் செயலி அன்லாக் செய்த போனில் ஓடுகிறதா என்று அதே வங்கியில் கணக்கு வைத்திருக்கும் யாரிடமாவது முன்பே கேளுங்கள். ஓடாது என்றால் உலாவியில் நெட்பேங்கிங் போதுமா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டே இல்லாத, லினக்ஸ் அடிப்படையிலான உபுண்டு டச் பற்றி யாராவது ஆசை காட்டினால், 2017ல் உபுண்டு நிறுவனமான கனானிக்கல் கைவிட்ட அதை யூபிபோர்ட்ஸ் குழு உயிரோடு வைத்திருப்பது பெரிய காரியம்தான். ஆனால் அதற்கு வாட்ஸாப்பின் அதிகாரபூர்வச் செயலி கிடையாது. ஒரே போன் வைத்திருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அன்லாக் செய்யும்போது போனில் இருப்பது அத்தனையும் அழியும். படங்களைப் போலவே, கணக்குகளில் நுழைய எண் தருகிற ஆத்தென்டிகேட்டர் செயலியின் குறியீடுகளையும் முதலில் வெளியே எடுத்து வையுங்கள். மாடல் பெயரைச் சொன்னால் பட்டியலில் இருக்கிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.