கண்ணாடிப் பரப்பு மின் அடுப்பு: வாசகர் கேள்வி

கேள்வி: புதிதாக வாங்கிய கண்ணாடிப் பரப்பு மின் அடுப்பில், சமைக்கும்போது சிவப்பு வெளிச்சம் அணைந்து அணைந்து எரிகிறது. இது கோளாறா? பொங்கி வழிந்த சர்க்கரைப் பாகை ஆறிய பின் துடைக்கலாமா?

பதில்: கோளாறு அன்று. பரப்பின் கீழுள்ள மின்சுருள் முழு வெப்பத்தில் எரிவதும் அணைவதுமாக மாறி மாறி இயங்கியே நீங்கள் வைத்த அளவுக்குச் சூட்டைச் சரிசெய்கிறது. கண்ணாடி அளவு மீறிச் சூடாகாதபடியும் ஒரு பாதுகாப்பு அமைப்பு மின்சுருளை அவ்வப்போது நிறுத்தும். உச்ச அளவிலும் அடிக்கடி அணைந்தால், பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். அது வளைந்திருந்தால், வெப்பம் பாத்திரத்துக்குப் போகாமல் கண்ணாடியிலேயே தேங்கிவிடும். தட்டையான, கனத்த அடியுடன், சூடேறும் வட்டத்தின் அளவுக்கு ஒத்த பாத்திரமே ஏற்றது.

பாகை மட்டும் ஆற விடாதீர்கள். அது கண்ணாடியோடு ஒட்டி இறுகும்போது பரப்பைப் பெயர்த்துக் குழிகளை உண்டாக்கிவிடும் என்பதால், அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அகற்றி, சூடு தாங்கும் கையுறை அணிந்து, உலோகச் சுரண்டியால் உடனே குளிர்ந்த ஓரத்துக்கு வழித்துத் தள்ளுங்கள். ஈரத்துணி அப்போது வேண்டாம். எழும் ஆவி கையைச் சுட்டுவிடும். சர்க்கரை இல்லாத சாதாரண உணவுக் கறைகளுக்கு இந்த அவசரம் தேவையில்லை.

வெளிச்சம் மறைந்தாலும் பரப்பு நெடுநேரம் சுடும். மிச்சச் சூட்டைக் காட்டும் விளக்கு அணையும் வரை தொடாதீர்கள். மயிரிழை அளவு விரிசல் கண்டாலும் மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். வழியும் நீர் அதன் வழியே மின்பகுதியை எட்டினால் மின்அதிர்ச்சி ஏற்படலாம்.