'நீர்' என்று கூப்பிட்டவர்

வணக்கம் ஐயா,

எனக்குப் பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் கொழும்பில்தான். போன வருடம் இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணம் வந்து ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். நல்ல தமிழ் கேட்கலாம் என்று நம்பி வந்தவள் நான். இங்கே ஆட்கள் கதைப்பதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. வாய்க்கு வாய் 'வந்து', 'என்னெண்டால்'. மழையை 'மளை' என்கிறார்கள். கடிதங்களில் 'முயற்சிக்கிறேன்' என்று எழுதுகிறார்கள். எங்கள் கந்தோர் மதிலில் 'சுவற்றில் நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. ஊரெல்லாம் 'வாழ்த்துக்கள்' பதாகைகள்.

இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். ஓய்வுபெறும் வயதில் இருக்கும் இலிகிதர் ஒருவர் என்னை 'நீர்' என்று கூப்பிடுகிறார். 'அந்தக் கோவையை எடுத்துத் தாரும்', 'நீர் சாப்பிட்டிட்டீரோ' என்று. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால், 'என்னை மரியாதையாக நீங்கள் என்று சொல்லுங்கள்' என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கதைப்பதில்லை. நான் கேட்டது நியாயம்தானே? இப்படியானவர்களை எப்படித் திருத்துவது?

ஒரு வாசகி, கொக்குவில்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பட்டியலின் முன்பாதியைக் கெதியாக முடித்துவிடுகிறேன். 'வந்து' என்பது அடுத்த சொல்லை யோசிக்க வாய் எடுக்கும் அவகாசம். எல்லா ஊரிலும் இருக்கிறது, விடுங்கள். 'மளை' யாழ்ப்பாணத்தின் இயல்பான உச்சரிப்பு. இங்கே பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்து தலைமுறைகள் கழிந்துவிட்டன. பட்டிமன்ற மேடையில் நாக்கை மடித்து 'வாழை' என்பவரும் வீட்டுக்கு வந்தால் 'வாளைப்பளம்' என்றுதான் கேட்பார். அதே யாழ்ப்பாணத்து வாய் 'பற்று', 'பத்து' இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொல்லும். தமிழ் பேசும் எத்தனையோ இடங்களில் அந்த வேறுபாடு போய்விட்டது. அதை நீங்கள் கவனிக்கவில்லை. 'முயல்கிறேன்' இருக்க 'முயற்சிக்கிறேன்' வேண்டாம், சரி. 'வாழ்த்துக்கள்', 'வாழ்த்துகள்' சண்டைக்கு நான் வரவில்லை. 'சுவற்றில்' பிழை. கிணறு என்பதால் கிணற்றில் வரும், சுவர் என்றால் சுவரில்தான். மதிலில் எழுதிய ஆளைக் கூப்பிட்டு அழித்து எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் விட்ட பிழையைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும்.

'நீர்' என்பதையும் தூக்கி இந்தப் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். அதற்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கல்யாண வீடு, கடை, பஸ் என்று போகிற இடமெல்லாம் கொஞ்சக் காலமாக இதையே காது கொடுத்துக் கேட்டு வருகிறேன். 'நீர்' குறைந்துகொண்டு போகிறது. ஒருவரை ஒருவர் 'நீ' என்கிறார்கள், அல்லது 'நீங்கள்' என்கிறார்கள். நடுவிலே இருந்த படியைக் காணவில்லை.

எங்கள் ஊரில் முன்னால் நிற்பவரைக் கூப்பிட நாலு படி இருந்தது: நீ, நீர், நீங்கள், தாங்கள். 'தாங்கள்' கடிதத்துக்கும் மேடைக்கும். 'நீ' குழந்தைக்கும் மிக நெருங்கியவருக்கும், கோபத்துக்கும். 'நீங்கள்' மூத்தவருக்கும் தூரத்தவருக்கும். மிச்சம் இருக்கிற உலகம் முழுக்க 'நீர்' இருந்தது. உம்மைவிட இளையவர், ஆனால் சிறுபிள்ளை இல்லை என்றால் அவர் 'நீர்'. கூட வேலை செய்பவர் 'நீர்'. வழியில் கண்ட இளந்தாரி 'நீர்'.

உயர்தர வகுப்புக்குப் போன முதல்நாள் கணித வாத்தியார் பெயர் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முந்தின வருடம் வரைக்கும் 'டேய், இஞ்சை வா' என்று காதைத் திருகியவர். அன்று இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமலே, 'உம்மடை பேரைச் சொல்லும்' என்றார். பின்வாங்கில் சரிந்து கிடந்த நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். எங்களை வளர்ந்த ஆட்களாக எடுத்துவிட்டார் என்பது அந்த ஒரு சொல்லில் விளங்கிவிட்டது. 'நீங்கள்' என்று சொல்லியிருந்தால் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்திருப்போம்.

நீங்கள் இலக்கணம் பேசுகிறவர், அதனால் இலக்கணத்தையே சொல்கிறேன். நன்னூல் முன்னிலைப் பெயர்களை அடுக்கும்போது எல்லீர், நீயிர், நீவிர், நீர், நீ என்று ஐந்தைத்தான் சொல்கிறது. 'நீங்கள்' அந்த வரிசையில் இல்லவே இல்லை. நீங்கள் மரியாதை என்று பிடித்திருக்கும் சொல் நன்னூல் எழுதிய பவணந்தியாருக்குப் பிறகு நிலைத்தது. நீங்கள் பிழை என்று தள்ளிய சொல் அவர் சூத்திரத்தில் இருக்கிறது. அதற்காக 'நீங்கள்' தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவரைப் பன்மையில் சொல்லி உயர்த்துவதே வழக்கினால் வந்தது, இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் சொல்லிவிட்டது. 'வழக்கின் ஆகிய உயர்சொற் கிளவி' என்பது அதன் சொல். அந்தக் கிளவியாக்கம் இருக்கும் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடும் புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் குறிப்போடும் அச்சானது உங்கள் கொக்குவிலுக்குக் கிட்ட இருக்கும் சுன்னாகத்தில்தான், 1938 இல். மரியாதையை வழக்குத்தான் தீர்மானிக்கிறது. இந்த ஊரின் வழக்கில் 'நீர்' மரியாதைச் சொல்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? உங்கள் கந்தோரில் கிறிஸ்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் காலையும் மாலையும் 'எங்கள் பிதாவே, உம்முடைய நாமம்' என்றுதான் கடவுளிடம் கேட்கிறார்கள். சைவர்கள் பக்கம் பாருங்கள். ஒரு கண் தெரியாமல் திருவாரூரில் போய் நின்ற சுந்தரர் சிவனோடு சண்டை பிடிக்கிறார். 'மீளா அடிமை உமக்கே ஆளாய்' என்று தொடங்கி, பாட்டுக்குப் பாட்டு 'வாழ்ந்து போதீரே' என்று முடிக்கிறார். நல்லாய் இரும் என்று கடவுளைப் பேசுகிறார், தங்கச்சி! அதை 'நீ' என்று சொல்லியிருந்தால் வசவாகப் போயிருக்கும். இன்னும் உயரத்தில் வைத்துச் சொல்லியிருந்தால் விண்ணப்பமாகப் போயிருக்கும். உரிமையோடு கோபிக்கவும் வேண்டும், மரியாதையும் குறையக்கூடாது என்றால் தமிழில் அதற்கு இடம் 'நீர்' தான். அந்த இடத்தை மூடிவிட்டு எங்கே போய்ச் சண்டை பிடிக்கப் போகிறோம்?

என் அப்பா அம்மாவைக் கடைசிவரை 'நீர்' என்றுதான் சொன்னார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. 'இஞ்சரும், தேத்தண்ணி இருக்கே?' என்று வாசலில் நின்று கேட்பார். குசினிக்குள் தேங்காய் திருவும் சத்தம் நிற்கும். 'பொறுங்கோ, வாறன்' என்று பதில் வரும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி போருக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு, நாவற்குழிப் பக்கம் மழைக்குள் அடி வைக்க இடமில்லாமல் நின்றோம். அப்பாவின் சைக்கிளில் அரிசிப் பையும் ஒரு சூட்கேசும் கட்டியிருந்தது. அம்மாவிடம், 'நீர் என்ரை சேட்டைப் பிடிச்சுக்கொண்டு வாரும், விட்டிடாதையும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முன்னால் ஒரு பெடியன் தன் சைக்கிளைத் திருப்ப ஏலாமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றான். பின்னால் சனம் தள்ளுகிறது, ஆளாளுக்குக் கத்துகிறார்கள். அப்பா அவனிடம், 'தம்பி, நீர் கொஞ்சம் விலத்தும், நான் உம்மடை பின் சில்லைத் தூக்கிவிடுறன்' என்றார். அவன் முன்பின் தெரியாதவன், அப்பாவின் வயதில் பாதியும் இராது. அந்த நெரிசலில் யாரும் யாரையும் 'நீ' என்று சொல்லியிருந்தாலும் ஒருவரும் குறை நினைத்திருக்க மாட்டார்கள். சில்லைத் தூக்கிவிட்ட பிறகு அந்தப் பெடியன் ஒதுங்கி நின்று, 'ஐயா, நீங்கள் அம்மாவோடை முன்னுக்குப் போங்கோ' என்று வழிவிட்டான்.

அந்த வரிசையில் அப்பாவுக்கு 'நீங்கள்' வந்தது, அம்மாவுக்கு 'நீர்' வந்தது. அதை நான் மறைக்கவில்லை. அப்பா 'நீர்' என்றார், அம்மா 'நீங்கள்' என்றார். சமமில்லை. இன்றைய வீடுகளில் இருவரும் 'நீர்' என்று சொல்லிக்கொண்டால் எனக்குச் சந்தோசம். இருவரும் 'நீ' என்றாலும் சரி.

இதைவிடப் பெரிய கறை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் 'நீர்' என்பதைப் புகழ்ந்தால் நான் பொய்யனாகிவிடுவேன். இந்த ஊரில் நரைத்த தலையோடு நின்ற பெரியவரை, சாதியைப் பார்த்து, பத்து வயதுப் பொடியன் 'நீ' என்று கூப்பிட்டான். அவர் அவனுக்கு 'நயினார்' சொன்னார். 'நீர்' என்ற படிகூடப் பெரும்பாலும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. கொஞ்சம் மனமிரங்கியவர்கள் 'நீர்' வரைக்கும் ஏற்றினார்கள், 'நீங்கள்' வரைக்கும் ஏற்றவில்லை. 1957 இல் சாதித் தடைகளுக்கு எதிராகச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1968 இல் மாவிட்டபுரத்தில் உள்ளே விடச் சொல்லிக் கோயில் வாசலில் சனம் போராடவேண்டி இருந்தது. வாசல் திறக்கவே அவ்வளவு பாடு என்றால் வாய் திறந்து 'நீங்கள்' சொல்ல எவ்வளவு காலம் எடுத்திருக்கும் என்று யோசியுங்கள். எல்லோரையும் 'நீங்கள்' என்று சொல்லும் பழக்கம் பரவியதில் அந்தப் போராட்டங்களுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அந்த அளவில் 'நீங்கள்' வென்றது நல்லதுதான். தன் தகப்பனை ஊர் எப்படிக் கூப்பிட்டது என்று கேட்டு வளர்ந்த ஒருவர் 'என்னை நீர் என்று சொல்லாதே' என்று முறைத்தால், நான் நன்னூலைத் தூக்கிக்கொண்டு போகமாட்டேன். 'நீங்கள்' என்று சொல்லிவிட்டு வருவேன்.

உங்களுக்குக் கோபம் வந்தது அதனால் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கொழும்பில் கேட்டுப் பழகாததால் மரியாதைக் குறைவு என்று எடுத்திருக்கிறீர்கள். சரி, பழகாதது குற்றமில்லை. ஆனால் ஒரு சொல்லை வீட்டிலும் கந்தோரிலும் முப்பது நாற்பது வருடம் மரியாதையாகச் சொல்லி வந்த மனுசனை, சபையில் வைத்து, மரியாதை தெரியாதவர் என்று சொல்லிவிட்டீர்கள். அது மிகப் பெரிய அடி. 'நீர் சாப்பிட்டிட்டீரோ' என்று கேட்டவர் அவர். உங்கள் கந்தோரில் வேறு யாராவது அதைக் கேட்டார்களா? மதிலில் இருந்த பிழையை விட்டுவிட்டீர்கள், சாப்பாடு கேட்ட வாயைத் திருத்தினீர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள், ஏனென்றால் நான் அவரைக் கண்டதில்லை. உங்கள் வயதுப் பெடியன்களை அவர் எப்படிக் கூப்பிடுகிறார்? மேலதிகாரிக்குத் தெரிந்தவர் என்று வந்து சேர்ந்த பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார்? தேத்தண்ணி கொண்டுவருபவரை, கூட்டித் துடைக்க வருபவரை எப்படி? எல்லோருக்கும் 'நீர்' என்றால், பத்து மணித் தேத்தண்ணி நேரம் அவர் மேசைக்குப் போய், 'ஐயா, அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை அப்பிடிச் சொன்னது பிழை' என்று சொல்லுங்கள். 'நீர் என்றே கூப்பிடுங்கோ' என்று கேட்கவேண்டாம். அதை அவர் விரும்பினால் தானே எடுப்பார். பெடியன்களுக்கு 'நீங்கள்', உங்களுக்கு 'நீர்', கூட்ட வருபவருக்கு 'நீ' என்றால், உங்கள் கோபம் நியாயமானது. திரும்பவும் சொல்லுங்கள். இந்த முறை தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்கு மட்டுமில்லாமல் கூட்ட வருபவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்