மண்ணரிப்பு கணக்குப் பார்க்கிற படிப்புக்கு வேலை இருக்கிறதா? மட்டக்களப்பு, கரடியனாற்றுத் தாய் ஒருவருக்கு

அக்கா, உங்கள் மகன் சாதாரண தரம் எழுதிவிட்டு, கல் உடைத்த, கிரவல் தோண்டிய நிலத்தைத் திருத்திய பிறகு அதிலிருந்து எவ்வளவு மண் கழுவப்பட்டுப் போகிறது என்று கணக்குப் பார்க்கிற வேலைதான் வேண்டும் என்று நிற்கிறார், இதற்கெல்லாம் யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தருவார்கள். ஆனால் அந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. சுற்றாடல் அலுவலர், மண் விஞ்ஞானி, நீர்ப்பாசனப் பொறியியலாளர், அகழ்வுக் கம்பனிக்கு அறிக்கை தயாரிக்கிற ஆலோசகர் என்ற பெயர்களுக்குள்தான் இந்த வேலை இருக்கிறது. இலங்கையின் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டப்படி அகழ்ந்த நிலத்தைத் திருத்துவது உரிமம் எடுத்தவரின் பொறுப்பு. அதைச் சரியாகச் செய்ய ஆள் தேவை.

அந்த வேலை என்னவென்று நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மகனோடு பேசுவது லேசு. ஒரு ஹெக்டேயர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் மண் போனால் அது 10 கன மீட்டர், ஏறக்குறைய 13 தொன். கண்ணுக்கே தெரியாத அந்த ஒரு மில்லிமீட்டர்தான் வருடா வருடம் வாய்க்காலை அடைத்து, குளத்தைத் தூர்க்கிறது. இதற்கு அமெரிக்காவில் உருவாக்கி, 1997 இல் திருத்தி வெளியிட்ட ஒரு சமன்பாடு இருக்கிறது, ஆர்யூஎஸ்எல்ஈ (RUSLE), அதாவது திருத்திய பொது மண் இழப்புச் சமன்பாடு என்பார்கள். மழையின் உக்கிரம், மண்ணின் தன்மை, சரிவு, மேலே நிற்கும் புல்பூண்டு, வரம்பு போன்ற காப்பு வேலைகள், இவற்றுக்குரிய எண்களைப் பெருக்கினால் வருடத்துக்கு ஹெக்டேயருக்கு இத்தனை தொன் என்று விடை வரும்.

பெருக்கல் யாரும் செய்வார்கள். அகழ்ந்த நிலத்தில் மண் வரைபடத்தைப் பார்த்து எண்ணைப் போட முடியாது, ஏனென்றால் அந்த வரைபடத்தில் இருக்கிற மண் அங்கே இப்போது இல்லை. மேல்மண்ணும் அடிமண்ணும் கல்லுத்தூளும் கலந்து, புல்டோசர் ஏறி இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாலேயே ஓடும், அதே நேரம் மேலே கிடக்கிற சிறு கற்கள் மழைத்துளியின் அடியைத் தாங்கி மண்ணைக் காக்கவும் செய்யும். நேரில் போய் மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதோடு, நம் பக்கத்தில் வருட மழையில் பெரும்பங்கு மாரியில்தான் கொட்டுகிறது. புல் பிடிக்காத முதல் மாரியை வருடச் சராசரிக்குள் போட்டுக் கணக்குப் பார்த்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

இன்னொன்று, மகன் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டியது. அந்தச் சமன்பாடு சொல்வது சரிவில் இருந்து போகிற மண்ணை மட்டும்தான். அதில் நிறைய, போகிற வழியில் பள்ளத்திலும் புல்லிலும் தங்கிவிடும். ஆற்றுக்கோ குளத்துக்கோ வந்து சேர்வது வேறு அளவு. மழைநீர் வெட்டிய ஆழமான ஓடைகளில் இருந்து வருகிற மண்ணோ அந்த விடையில் சேராது, அதைத் தனியே அளக்க வேண்டும். சேற்றை மறித்து நிறுத்துகிற குட்டையை எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்று கம்பனி கேட்டால், இந்த வித்தியாசம் தெரிந்தவரால்தான் பதில் சொல்ல முடியும். என் பார்வையில் இந்தத் துறையில் ஒருவருக்கு மதிப்பு வருவது இங்கேதான், மென்பொருள் தெரிவதில் அல்ல.

சரி, படிப்புக்கு வருவோம். உயர்தரத்தில் பயோ என்றால் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் விவசாய பீடம் இருக்கிறது, அங்கே மண் விஞ்ஞானத்தைப் பிடித்துக்கொள்ளலாம். மேத்ஸ் என்றால் மொறட்டுவையில் புவி வளப் பொறியியல், இல்லாவிட்டால் சிவில். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கனிய வளங்களுக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளியை நினைத்து இப்போதே நித்திரையைக் கெடுக்காதீர்கள். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 55 வீதமான இடங்களுக்கு மாவட்ட அடிப்படையில் எடுக்கிறார்கள், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம் இருக்கிறது, அந்த 16 இல் மட்டக்களப்பும் அம்பாறையும் அடக்கம். நீங்கள் பயோ எடுக்கச் சொல்வது டொக்டராக்கும் ஆசையில் என்று விளங்குகிறது. ஆனால் இந்தப் பிள்ளைக்குக் கணக்குத்தான் கை வருகிறது என்றால் மேத்ஸுக்கே விடுங்கள் அக்கா. பிடிக்காத பாடத்தில் மூன்று தரம் பரீட்சை எழுதிக் களைத்துப்போகிற பிள்ளைகளைப் பார்க்கையில் வயிறு எரிகிறது.

சிங்களம் பேசப் பழகட்டும். அகழ்வு இடங்களில் இயந்திரக்காரரோடும் அதிகாரிகளோடும் பேசாமல் இந்த வேலை ஓடாது. ஆங்கிலம் அறிக்கை எழுதுவதற்கு.

பெறுபேறு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வளவுக்குள்ளேயே சரிவான ஒரு துண்டில் பாதியைப் புல்லோடு விட்டு, மற்றப் பாதியைச் செதுக்கிவிட்டு, இரண்டிலும் நீளமான ஆணிகளை அடித்து, தலை நிலத்துக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் திரும்ப அளக்க வேண்டும், எங்கே ஆணி முன்னையைவிட அதிகமாக வெளியே தெரிகிறது, எங்கே மண் வந்து மூடியிருக்கிறது என்று. கைவிட்ட கிரவல் குழிப் பக்கம் மட்டும் தனியே போக விடாதீர்கள், மாரியில் அதற்குள் நிற்கிற தண்ணீரின் ஆழம் மேலே நின்று பார்த்தால் தெரியாது. மழை தொடங்க முன்னரே ஆணியை அடித்துவிடச் சொல்லுங்கள், அந்தக் கொப்பியோடு அவரைக் கூட்டிக்கொண்டு தைப்பொங்கலுக்குப் பிறகு வாருங்கள்.