தோட்டா அடைப்பது வீட்டு வேலையா? மலையிலிருந்து வந்த துப்பாக்கிக் கேள்விகள்

இந்த முறை நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: தோட்டாவை வீட்டிலேயே அடைக்கலாமா, வெடிமருந்தை மாற்றலாமா, ரவையை, அதாவது பொடி ஈயக் குண்டுகளை, நாமே வார்க்கலாமா. பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதே என் தொழில் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவும் கலவையும் கேட்டவர்களுக்கு அதை எழுதப் போவதில்லை. காரணம் பதில்களுக்குள்ளேயே இருக்கிறது.

ஐயா, .32 ரிவால்வருக்கு முறையான லைசென்ஸ் வைத்திருக்கிறேன். தேயிலைக் காட்டில் பாம்புத் தொந்தரவு. அமெரிக்காவில் ரிவால்வரிலேயே ரவை போட்டுப் பாம்பைச் சுடுகிறார்களாம். காலித் தோட்டாவில் நாமே ரவை அடைத்துக்கொண்டால் என்ன? (கோத்தகிரி)

அமெரிக்காவில் அப்படி ஒரு தோட்டா இருப்பது உண்மைதான். .22, .38, .44 அளவுகளில் கம்பெனியே தயாரித்து விற்கிறது. குண்டு இருக்க வேண்டிய இடத்தில் சின்ன பிளாஸ்டிக் குப்பி, அதற்குள் மிகப் பொடியான ரவை. அங்கே பாலைவனப் பக்கம் ராட்டில் பாம்புக்காக வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அதன் லட்சணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ரவை சுடும் நீளத் துப்பாக்கிகளில் வழக்கமான குழல் அளவு 12 போர். அதன் சாதாரணத் தோட்டாவில் 28 முதல் 32 கிராம் வரை ரவை இருக்கும். .38 ரிவால்வர் குப்பியில் இருப்பது 7 கிராம் அளவுக்குத்தான். .22-இல் வெறும் 2 கிராம். உங்கள் .32-இல் .38-ஐவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். அப்புறம், ரிவால்வர் குழலுக்குள் முறுக்குப் பள்ளம் வெட்டியிருக்கும். ஒற்றைக் குண்டை நேராக அனுப்புவதற்காக வெட்டிய பள்ளம் அது. அதே பள்ளம் ரவைக் கூட்டத்தையும் சுழற்றிவிடும். குழல் வாயைத் தாண்டியதும் ரவை வெளிப்பக்கம் சிதறி வளையமாக விரியும், நடுவில் ஒன்றும் இருக்காது. நீங்கள் குறி வைத்த இடம் அந்த நடுதான். கம்பெனித் தோட்டாவே மூன்று மீட்டருக்கு மேல் நம்பத் தக்கது இல்லை. மூன்று மீட்டர் தூரத்தில் நிற்கும் பாம்பு உங்களைக் கடிக்க முடியாது. இரண்டடி பின்வாங்கினால் அது தன் வழியே போய்விடும்.

வீட்டில் அடைத்தால் இதைவிட மோசம். ரிவால்வர் தோட்டா சிறியது. அதற்குள் மருந்து கொஞ்சம் கூடினாலோ, இருக்கும் இடம் கொஞ்சம் குறைந்தாலோ அழுத்தம் பல மடங்கு ஏறும். குறைந்தால் வேறு ஆபத்து. மூடியோ குப்பியோ குழலுக்குள்ளேயே தங்கிவிடும். சத்தம் வந்ததே என்று அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும், இல்லையென்றால் பிளக்கும். முதல் தோட்டா வெடித்த அதிர்ச்சியில் மற்ற அறைகளில் உள்ள மூடி கழன்று ரவை கொட்டுவதும் உண்டு. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். அதில் ஒரு ரவை சிக்கினால் சிலிண்டர் சுற்றாது. தற்காப்புக்கு என்று வாங்கிய ஆயுதம் வேண்டிய நேரத்தில் கல்லாய் நிற்கும்.

சட்டத்துக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி வைத்துக்கொள்ளும் உரிமம். ஆயுதமோ தோட்டாவோ தயாரிப்பது 5-வது பிரிவு, அதற்கு வேறு உரிமம். அதை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. பாம்பைக் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சரி, பாம்புக்கு என்ன செய்வது? முழங்கால் வரை கம்பூட். கொழுந்து எடுக்கும் முன் புதரை ஒரு தடியால் தட்டிவிடுவது. லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) சுவரோரம் விறகு குவிக்காமல் இருப்பது. மலையின் மேல்பகுதியில் மண்ணைக் கிளறினால் வரும் மொட்டை வால் பாம்புகளுக்கு விஷமே கிடையாது. தேயிலைச் செடியில் சுருண்டு கிடக்கும் குழிவிரியன்தான் கையைக் கடிக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் செய்தது. குழிவிரியனுக்கென்று செய்ததில்லை. அதனால் கடித்த பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு போட்டோ, உடனே ஆஸ்பத்திரி. என்ன பாம்பு என்று டாக்டருக்குத் தெரிந்தால் சிகிச்சைக்கு அதுவே பெரிய உதவி.

சார், கரிமருந்துக்குப் பதிலாக புகையில்லா மருந்தைக் கொஞ்சமாகப் போட்டால் நாட்டுத் துப்பாக்கி சுத்தமாகச் சுடும் என்கிறார்கள். சரியா? (அருவங்காடு)

தவறு. உயிரை எடுக்கும் தவறு. உங்கள் ஊரில் நூறு வருடத்துக்கு மேலாகக் கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது, கார்டைட்டும் ஒரு புகையில்லா மருந்துதான், வித்தியாசம் அங்கே வேலை பார்த்த பெரியவர்களுக்கே தெரியும். கேட்டுப் பாருங்கள்.

கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கலவை. அது கொடுக்கும் அழுத்தத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியின் குழல் அந்த எல்லைக்குத்தான் செய்யப்பட்டது. புகையில்லா மருந்து வேறு ரசாயனம். அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற அதன் எரியும் வேகமும் ஏறும், வேகம் ஏற ஏற அழுத்தம் இன்னும் கூடும். 'கொஞ்சமாக' என்று கண்ணால் பார்த்து அளப்பதற்கு அங்கே இடமே இல்லை. பிளந்த நாட்டுத் துப்பாக்கிகளைப் பழுதுக்கு என்று என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைக்கும் முலைக்குப் பக்கத்தில்தான் குழல் கிழிந்திருக்கும், உதடு மடங்கியதுபோல் இரும்பு வெளியே வளைந்திருக்கும். சுடுபவரின் கண்ணும் குழலைத் தாங்கும் இடது கையும் அந்த இடத்துக்கு நேராகத்தான் இருக்கின்றன.

குன்னூரில் எங்கள் பழைய பங்களாவில் தாத்தாவின் இரட்டைக்குழல் 12 போர் இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது, லைசென்ஸ் என் பெயரில். கூடவே ஒரு டப்பா காகிதத் தோட்டா. இன்றைய தோட்டாவைப் போடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சுட நினைத்தீர்களே, அதற்கு நன்றி. பலர் சுட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

முதலில் குழலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோரைப்பாய் பின்னலைப்போல் வரி வரியாகத் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதில் இன்றைய தோட்டா போடவே கூடாது. நூறு வருட மலைப்பனியில் அந்த வரிகளின் இணைப்புக்குள் துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

அடுத்து, துப்பாக்கியை மடக்கி, குழல்களின் அடிப்பக்கத் தட்டைப் பகுதியில் உள்ள முத்திரைகளைப் பாருங்கள். கிரீடத்துக்குக் கீழே 'என்பி' என்றோ 'பிஎன்பி' என்றோ இருந்தால் லண்டனிலோ பர்மிங்காமிலோ புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். 'நாட் ஃபார் பால்' என்ற வரி இருந்தால் துப்பாக்கி 1875-க்கும் 1887-க்கும் நடுவில் சோதிக்கப்பட்டது. குழல் வாய் குறுகலானது, ஒற்றைக் குண்டு போடாதே என்ற எச்சரிக்கை அது. அந்தக் காலத்துத் துப்பாக்கி கரிமருந்துக்குச் செய்தது.

முத்திரை சரியாக இருந்தாலும் குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தை அளக்க வேண்டும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் அது பெரும்பாலும் 65 மி.மீ., இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மி.மீ. மடித்த வாயோடு இருக்கும்போது 70 மி.மீ. தோட்டாவும் தடையில்லாமல் உள்ளே போய்விடும், அதனால் ஏமாந்துபோகிறோம். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் கழுத்தை அடைக்கும், அழுத்தம் ஏறும். இதை அளக்க அளவுக்கருவி உண்டு. உரிமம் பெற்ற ஆயுதப் பழுது நிலையத்தில் காட்டுங்கள்.

அந்தக் காகிதத் தோட்டாக்கள் குன்னூர் ஈரத்தில் உப்பியிருக்கும், பித்தளையில் பச்சை பூத்திருக்கும். வெயிலில் காயவைக்கவோ, பிரித்து மருந்தை எடுக்கவோ வேண்டாம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிடுங்கள். டப்பாவில் 20 போர் தோட்டா கலந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 12 போர் குழலில் 20 போர் தோட்டா வழுக்கி உள்ளே போய்க் கழுத்தில் நின்றுகொள்ளும். காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர் போட்டுச் சுட்டால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். இதற்காகத்தான் இப்போது 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். பழையவற்றில் அந்த அடையாளம் கிடையாது.

இன்னொன்று, குளிரிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியை உடனே கணப்படுப்புப் பக்கத்தில் சாத்தாதீர்கள். குழலுக்குள் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். அதைத் துடைத்து எண்ணெய் போடாமல் உறைக்குள் வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே துரு பிடித்துவிடும்.

பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கிறோம். காட்டுப்பன்றி ராத்திரியோடு ராத்திரியாகப் பாத்தியையே புரட்டிவிடுகிறது. வாய்வழித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைக்குமா? பால்ரஸ் குண்டு போடலாமா?

பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கி கேட்டு விண்ணப்பிக்க ஆயுதச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, 13-வது பிரிவு. விண்ணப்பம் திண்டுக்கல் கலெக்டருக்குப் போகும். ஆனால் லைசென்ஸ் கிடைத்துவிட்டால் பன்றியைச் சுடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். துப்பாக்கி வைத்திருக்க அனுமதி தருவது ஒரு சட்டம். விலங்கைச் சுடலாமா என்பது வனவிலங்குச் சட்டம்.

2025 ஜனவரியில் வந்த தமிழக அரசின் ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். பூம்பாறைபோல் காட்டை ஒட்டிய ஊரில் மூன்றாவது வளையத்துக்குள் வரும் நிலம் அரிது. இது விவசாயிக்குக் கொடுமையாகத் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு பருவத்து உழைப்பு ஒரே ராத்திரியில் போவதைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியாது. சேதத்தைப் போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் அன்றைக்கே எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வேலிக்கு ஊராகச் சேர்ந்து கேளுங்கள்.

பால்ரஸ் வேண்டவே வேண்டாம். ஈயம் மென்மையானது, குழலில் நெகிழ்ந்து போகும். பால்ரஸ் கடினமான எஃகு, குழலைக் கீறும். அளவு சற்றுப் பெரிதாக இருந்தால் இறுகி நின்றுவிடும். கல்லில் பட்டு எங்கே தெறிக்கும் என்றும் சொல்ல முடியாது. இருட்டில் அடுத்த தோட்டத்தில் காவல் இருப்பவரும் உங்களைப்போல் ஒரு விவசாயிதான். தீனிக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

வயநாட்டில் பஞ்சாயத்துத் தலைவரே பன்றியைச் சுட உத்தரவு போடுகிறார். எல்லை தாண்டி இருக்கும் கூடலூரில் ஏன் முடியாது?

கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. தமிழ்நாடு கொடுக்கவில்லை. மாநில எல்லை தாண்டியதும் சட்டம் மாறிவிடும். அங்கிருக்கும் உறவினரின் துப்பாக்கியை இங்கே கொண்டுவந்து சுடச் சொல்வது இருவரையும் சிறைக்கு அனுப்பும்.

குடகில் லைசென்ஸே வேண்டாமாமே?

கொடவர்களுக்கும் அங்குள்ள ஜம்மா (பரம்பரை உரிமை) நிலக்காரர்களுக்கும் மட்டும் மத்திய அரசு தந்த விலக்கு அது. 2019-இல் அதைப் பத்து ஆண்டுக்கு நீட்டித்தார்கள். நீலகிரிக்குப் பொருந்தாது.

ஐயா, என் கணவர் மீன்வலை ஈயத்தைச் சமையலறை அடுப்பில் உருக்கி ரவை வார்க்கிறார். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்கிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. (ஊட்டி)

போதாது அம்மா. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். மேலே ஆடையாகப் படியும் சாம்பலை வழித்துப் போடும்போது பறக்கும் தூள்தான் பெரிய விஷம். அது அடுப்பு மேடையில், கரித்துணியில், அவர் சட்டையில் எல்லாம் ஒட்டும். தரையில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்குள் நேராகப் போகும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட அதிகமாக ஈயத்தை உறிஞ்சும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

அந்தப் பாத்திரத்தைக் கழுவி மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். மேடையையும் தரையையும் பெருக்காமல், ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகள் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் சோதனை கேளுங்கள். உங்கள் கணவர் இதைப் படித்தால் அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்: உங்களுக்கும் அந்தச் சோதனை அவசியம்.

குரங்கை விரட்ட பிவிசி குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கிறோம். இதுவும் துப்பாக்கியா? (தாண்டிக்குடி)

பெயர் எதுவாக இருந்தாலும் கண்ணுக்கு எமன். கார்பைடில் தண்ணீர் பட்டால் வரும் அசிட்டிலின் வாயு எப்போது பற்றும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெடிக்கவில்லையே என்று எட்டிப் பார்க்கும்போதுதான் வெடிக்கிறது. சுண்ணாம்பும் பிளாஸ்டிக் துண்டும் கருவிழியில் போய் ஒட்டுகின்றன. பிள்ளைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். யாருக்காவது கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அப்பா இறந்துவிட்டார். அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கியும் சில தோட்டாக்களும் பீரோவில் இருக்கின்றன. எங்களில் யாருக்கும் லைசென்ஸ் இல்லை. (கொடைக்கானல்)

துக்க வீட்டில் இது நினைவுக்கு வராமல் போவது இயல்புதான். ஆனால் லைசென்ஸ் அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் போனபின் அந்த ஆயுதம் உங்கள் வீட்டில் இருப்பது சட்டப்படி சரியில்லை. ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்வது இதைத்தான்: தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். நீங்களே பையில் போட்டு எடுத்துப் போக வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போன் செய்து சொல்லுங்கள், எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்வார்கள். அதுவரை தோட்டாவை வேறு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஒருவரே வைத்திருங்கள்.

வாரிசுகளில் ஒருவர் அதை வைத்துக்கொள்ள விரும்பினால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து, தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2019-க்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். யாருக்கும் வேண்டாம் என்றால் உரிமம் பெற்ற கடை மூலம் விற்கலாம். ஒப்படைத்த ரசீதின் நகலை அப்பாவின் பழைய லைசென்ஸ் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள், விண்ணப்பிக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.