வீட்டுக்குள் திருடன் வந்துவிட்டால் எதிர்த்து நிற்பதா, கேட்டதைக் கொடுப்பதா?

கொடுத்துவிடுங்கள். நேரமில்லாதவர்கள் இத்தோடு போகலாம்.

கேட்டவர் அநேகமாக ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்த ஏதோ ஒரு நகரில், தனி வீட்டில், வயதான பெற்றோருடன் இருக்கிறார். நாங்களும் அப்படித்தான். புதுக்கோட்டைக்கு வெளியே, தெருவில் அப்போது ஐந்தே வீடு, மீதியெல்லாம் கருவேலம்.

2017 மே, கத்திரி வெயில். கரண்ட் வேறு போய்விட்டது. அம்மாவும் அப்பாவும் காற்றுக்காகக் கொல்லைப்புற மரக்கதவைத் திறந்துபோட்டு, கம்பிக்கதவை மட்டும் பூட்டிவிட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். நானும் மனைவியும் மகளும் உள்ளறையில், கதவைச் சாத்தாமல். இரண்டு மணிக்கு மேல் ஏதோ சத்தம் கேட்டது. பூனை பாத்திரத்தை உருட்டுகிறது என்று திரும்பிப் படுத்தேன். பூட்டை நெம்பிய சத்தம் அது. மறுபடி கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேரே டார்ச்.

மூன்று பேர். பனியன், டவுசர், முகத்தில் துண்டு. கடப்பாரை வைத்திருந்தவன் நின்றது என் மகளின் தலைமாட்டில். அவளுக்கு நாலு வயது, நல்ல தூக்கம். இதைப் படித்த பிறகும் 'ஏன் பாய்ந்து பிடிக்கவில்லை' என்று கேட்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

"அண்ணே, பீரோ சாவி மெத்தைக்கு அடியில இருக்கு. எடுத்துக்கங்க. புள்ளைய எழுப்ப வேணாம்" என்றேன். அவனுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. அந்த 'அண்ணே'யைத்தான் சொந்தக்காரர்கள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். சாவியை நான் எடுத்துத் தரவில்லை. மெத்தைக்கு அடியில் நான் கையை விட்டால் அரிவாளை எடுக்கிறேன் என்று நினைத்துவிடுவான். அவனே எடுக்கட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகத்தையும் உற்றுப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன், பேச்சைக் கேட்டேன். பிறகு போலீஸில் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் காது மந்தம். "யாரு? யாரு?" என்று உரக்கக் கேட்டுக்கொண்டே எழுந்தார். கடப்பாரைக்காரன் சட்டென்று திரும்பினான். அம்மா அவர் தோளை அமுக்கி, "நம்ம பயலுகதான், படுங்க" என்றாள். படுத்துவிட்டார். அம்மாவின் கழுத்தில் ஒருவன் கை வைக்கப் போனான். "இருப்பா, நானே கழட்டித் தர்றேன்" என்று கொக்கியை விட்டுச் சங்கிலியை உருவினாள். தாலியும் குண்டும் மடியில் விழ, சங்கிலியை மட்டும் நீட்டினாள். வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் பிடித்து இழுத்திருந்தால் அவள் கழுத்து என்னவாகியிருக்கும்?

பதினொரு பவுன், இருபதாயிரம் ரூபாய், இரண்டு போன். வண்டிச் சத்தம் அடங்கும் வரை வாசலுக்குப் போகவில்லை. அப்புறம் எதிர்வீட்டுக்கு ஓடி அங்கிருந்துதான் 100-க்குக் கூப்பிட்டேன். இப்போது 112-க்கும் கூப்பிடலாம். உள்ளறைக்குத் தாழ்ப்பாள் போட்டுப் படுக்கிறோம், ஒரு பழைய பட்டன் போன் சார்ஜோடு உள்ளேயே கிடக்கிறது, வெளி விளக்குகளின் சுவிட்ச் கட்டில் பக்கம். சத்தம் கேட்டால் கம்பை எடுத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். விளக்கைப் போட்டு உள்ளிருந்தே கத்துங்கள். அவன் ஓடட்டும், ஓடுகிற வழியில் நீங்கள் நிற்காதீர்கள். வெளியூர் போய் வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்தாலும் உள்ளே நுழையாதீர்கள், அவன் இன்னும் உள்ளே இருக்கலாம்.

2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் ஒரு முதிய தம்பதி, அரிவாளோடு வந்த இரண்டு பேரை நாற்காலியாலும் செருப்பாலும் அடித்து விரட்டிய சிசிடிவி காட்சி வந்தது. சுதந்திர தினத்தில் முதலமைச்சர் விருது கொடுத்தார். என் சித்தப்பா அதை எனக்கு ஆறு தடவை அனுப்பினார். அந்தத் தம்பதி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காட்சியை முதலிலிருந்து பாருங்கள். உட்கார்ந்திருந்தவரின் கழுத்தைப் பின்னாலிருந்து ஒருவன் துணியால் இறுக்குகிறான். அதற்குப் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? உயிருக்கு வந்தால் நானும் நாற்காலியைத் தூக்கியிருப்பேன். அங்கேயும் அந்த அம்மாவுக்குக் கையில் காயம், சங்கிலியும் போனது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றது கொள்ளையடிக்க வந்த பவாரியா என்ற வடநாட்டுக் கும்பல். வருகிறவன் எந்த ரகம் என்று டார்ச் வெளிச்சத்தில் தெரியாது.

'சட்டமே தற்காப்புக்கு அனுமதிக்கிறதே' என்று ஒருவர் வருவார். தெரியும். இரவில் பூட்டை உடைத்து நுழைந்தவனை எதிர்க்கும்போது அவன் செத்தாலும் தற்காப்பு என்று வாதாட இடமுண்டு. அன்றைக்கு இ.பி.கோ. 103-வது பிரிவு, இன்றைக்கு அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 41-வது பிரிவு. அதிலும் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. தேவை எவ்வளவு என்பதைக் கடப்பாரைக்கு முன்னால் உட்கார்ந்து நான் கணக்குப் போட வேண்டுமா?

காலையில் மோப்ப நாய் வந்தது. திருடர்கள் மிளகாய்ப்பொடி தூவியிருந்தார்கள். நாய் மெயின் ரோடு வரை ஓடி நின்றது. எழுத்தர், "மூணு பேர்தானா, அஞ்சு பேரா? நல்லா யோசிங்க" என்று மூன்று முறை கேட்டார். ஐந்து என்றால் கூட்டுக்கொள்ளை, ஸ்டேஷனுக்குத் தலைவலி. அப்புறம் நகை பில் கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு வாங்கிய நகைக்குக் கடைக்காரர் கொடுத்தது பில் அல்ல, எஸ்டிமேட் சீட்டு. "பில் போட்டா டாக்ஸ் வருமே சார்" என்றார். நானும் மிச்சம் என்று சிரித்துக்கொண்டு வந்தேன். திருட்டுக்குப் பிறகு அந்தக் கடைக்குப் போனால், அந்தச் சீட்டு எங்களுடையதே இல்லை என்கிறார்கள்! பவுனுக்குப் பன்னிரண்டு சதவீதம் சேதாரம் வாங்கியபோது மட்டும் எங்களை நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தச் சேதாரம் எங்கே போய்ச் சேதாரமாகிறது என்று யாராவது நகைத் தொழிலில் இருப்பவர்கள் பதில் எழுதுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து ஹால்மார்க் நகையில் ஹெச்.யு.ஐ.டி. கட்டாயம், அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாக, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. அதைக் குறித்து, நகையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இன்றுவரை ஒரு குண்டுமணி திரும்பவில்லை.

பின்குறிப்பு: 'நாய் வளர்த்திருக்கலாமே' என்று கேட்டவருக்கு. எதிர்வீட்டில் நாய் இருந்தது. அன்றைக்கும் ஒரு மணி வாக்கில் விடாமல் குரைத்தது. ஜன்னல் வழியாக அதட்டி அடக்கியது நான்தான்.