வாய்க்காலும் நீரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 29. ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். சென்ற வருடம் ஆளுமை விருத்திப் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். “உன்னை மட்டும் நம்பு, உன்னால் முடியும்” என்று இரண்டு நாளும் சொல்லித் தந்தார்கள். இலக்குகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, விடிய 4.30 மணிக்கு எழும்பி, ஆங்கிலம் படித்து, கோபத்தைக் குறைத்து, இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தேன். பிறகு அம்மா நோயில் விழ எல்லாம் குலைந்துவிட்டது. இப்போது அந்தக் கொப்பியைத் திறக்கவே வெட்கமாக இருக்கிறது. கோவிலில் “ஆண்டவரை நம்பு” என்கிறார்கள். அப்பாவோ “தன் கையே தனக்கு உதவி” என்கிறார். கடவுளில் சார்ந்திருப்பது ஒரு பலவீனம் அல்லவா?
– வாசகி, பரந்தன்

பதில்: சகோதரி, அந்தக் கொப்பியில் நீங்கள் எழுதிய எதுவும் பிழையானதல்ல. விடியற்காலையில் எழும்புவதும் கோபத்தை அடக்குவதும் நல்ல காரியங்களே. ஆனால், விழுந்த நாளில் அந்தக் கொப்பி உங்களுக்கு என்ன சொன்னது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தன்னை மட்டும் நம்பச் சொல்லும் போதனை, வெற்றி பெறும் நாளில் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், தோற்ற நாளில் குற்றவாளியாகவும் நீதிபதியாகவும் நம்மையே நிறுத்திவிட்டு விலகிக்கொள்கிறது. தாயின் கட்டிலருகே கண்விழித்துக் கிடந்த ஒரு மகளை வெட்கப்பட வைக்கும் வளர்ச்சித் திட்டத்தில், ஏதோ ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது.

நீங்கள் பரந்தனில் இருப்பதால், உங்கள் பக்கத்து வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்தைக் கொண்டே சொல்கிறேன். மழை குறைந்த சிறுபோகப் பருவத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் கமக்காரரின் ஆசை தீர்மானிப்பதில்லை. குளத்தில் நிற்கும் தண்ணீரின் அளவைப் பார்த்துக் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். அதன் பிறகு கமக்காரருக்கு ஓய்வு ஏது? வரம்பு கட்ட வேண்டும், உழ வேண்டும், வாய்க்காலில் முளைத்த புல்லையும் சேர்ந்த மண்ணையும் வாரி எறிய வேண்டும். இவ்வளவு பாடுபட்டாலும் வயலுக்கு வரும் தண்ணீரில் ஒரு துளியைக்கூட அவர் உண்டாக்கியதில்லை. மண்வெட்டி பிடித்துத் தழும்பேறிய கையோடு, வருகின்ற நீரை வரவேற்கிறவராகவே அவர் வரம்பில் நிற்கிறார். அந்தக் கமக்காரரைப் பலவீனர் என்று யாரும் சொல்வதில்லை. “என்னைவிட்டுப் பிரிந்து உங்களால் எதுவும் செய்ய இயலாது” என்று யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். அங்கே அவர் கிளைகளிடம் கேட்பது கொடியோடு இணைந்திருப்பதை மட்டுமே. அப்படி இருந்தால் கனி வரும் என்கிறார்.

இயேசுவின் சீடர் பேதுருவையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிறைக்கும் சாவுக்கும் ஆயத்தம் என்று சொன்ன அதே இரவில், நெருப்பருகே நின்ற ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு முன்னால் அவருடைய மனவுறுதி உடைந்தது; இயேசுவைத் தெரியாது என்று மறுத்தார். அவர் விழுமுன்னரே, அவருடைய நம்பிக்கை தளராதபடி இயேசு அவருக்காக மன்றாடியிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். உயிர்த்த பின் திபேரியக் கடலோரத்தில் அவரைச் சந்தித்தபோது, இனி விழமாட்டாயா என்று இயேசு கேட்கவில்லை. தம்மீது அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்டார். பேதுருவின் உண்மையான வளர்ச்சி அந்தக் கரையில்தான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

என் வாழ்க்கையிலிருந்தும் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்குள் இருந்தபோது, நானும் உங்களைப் போல ஒரு கொப்பி வைத்திருந்தேன். வெளியே போனதும் செய்ய வேண்டியவற்றை நாள்தோறும் எழுதுவேன். ஒரு நாள் எழுத முடியாமல் போயிற்று. பேனையைப் பிடித்த கை அசையவே இல்லை. பக்கத்துக் கூடாரத்து அம்மா ஒருவர், செபமாலையை வழியில் தொலைத்துவிட்டவர், பச்சை நைலோன் கயிறொன்றில் பத்து முடிச்சுப் போட்டு அதில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எதுவும் கேட்காமல் கயிற்றின் மறுமுனையை என் கையில் தந்தார். அன்றைக்கு நான் செய்ததெல்லாம் அந்த முடிச்சுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டுமே. மறுநாள் எழும்பித் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நிற்க எனக்கு இயன்றது. அந்தப் பலம் என்னுடையது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே கொப்பியை எறிய வேண்டாம். 4.30 மணிக்கு எழும்ப முடிந்தால், முதல் பத்து நிமிடம் கொப்பியைத் திறக்காமல் இருந்து, நேற்று எங்கே விழுந்தீர்கள் என்பதை ஆண்டவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். எழும்ப முடியாத நாளில் படுக்கையிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் கடவுள் தருவார் என்றால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: கூடாது. “நான் நட்டேன், அப்பொல்லோ நீர் பாய்ச்சினார், கடவுளே விளையச் செய்தார்” என்று திருத்தூதர் பவுல் எழுதியபோது, நட்டவரும் நீர் பாய்ச்சியவரும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். பவுல் கூடாரம் செய்யும் தொழிலால் உழைத்துச் சாப்பிட்டவர்.

கேள்வி: கணவர் இல்லாத நான், கடன் எடுத்துக் கோழிக்கூடு போட்டேன். ஒவ்வொரு நாளும் செபித்தேன். நோய் வந்து கோழிகள் எல்லாம் செத்துப் போயின. “உனக்கு விசுவாசம் போதாது, அதுதான்” என்று ஒரு செபக் கூட்டத்தில் சொன்னார்கள். அது உண்மையா?
– வாசகி, முழங்காவில்

பதில்: அம்மா, அது உண்மையல்ல. உங்களிடம் அப்படிச் சொல்லப்பட்டதை எண்ணி நான் மிகவும் வருந்துகிறேன். முதற் கேள்விக்குரிய சகோதரியை வருத்திய அதே போதனைதான் இங்கே வேறு உடுப்பில் வந்திருக்கிறது: அங்கே மனவுறுதி போதாது என்றார்கள், இங்கே விசுவாசம் போதாது என்கிறார்கள். இரண்டிலும் பலன் முழுவதும் உங்கள் உள்ளத்தின் பலத்தில் தங்கியிருப்பதாகவே கணக்குப் போடுகிறார்கள். விசுவாசத்தை ஒரு திறமையாக மாற்றிவிட்டால் அதுவும் தன்னம்பிக்கைதான். ஆண்டவருக்கு அதில் இடமில்லை.

“எனக்கு வலுவூட்டுகிறவரின் துணைகொண்டு எதையும் செய்ய எனக்கு ஆற்றல் உண்டு” என்ற பிலிப்பியர் 4:13ஐக் கூட்டங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அதைப் பவுல் விலங்கிடப்பட்ட நிலையில் எழுதினார். அதற்கு முந்திய வசனத்தில், வறுமையிலும் வளமையிலும், வயிறு நிறைந்தும் பட்டினியாயும் வாழத் தமக்குத் தெரியும் என்கிறார். அவர் பேசிய ஆற்றலில் பட்டினியைத் தாங்குவதும் அடங்கும்.

மடுத் திருத்தலத்தில் இருக்கும் நம் மரியன்னையின் திருச்சுருவத்தின் வரலாறும் அப்படிப்பட்டதே. 1670இல் ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்குத் தப்பி, மாந்தையிலிருந்து அந்தத் திருச்சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தவர்களையும், 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனவர்களையும், விசுவாசம் போதாமல் ஊரை இழந்தவர்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவர்கள் இழந்துகொண்டே பற்றியிருந்தார்கள்.

இனி கடனைப் பற்றி. தவணை பற்றிப் பேசப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். உங்கள் கோவில் பங்கில், வறியோருக்கு உதவும் புனித வின்சென்ட் டி போல் சபை இருந்தால் அவர்களிடமும், இல்லையென்றால் பங்குத் தந்தையிடமும் கடன் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டி, கணக்குத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். உதவி கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். திருத்தூதர் பவுலும், பிலிப்பி நகரத்தார் அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டதற்கு நன்றி சொல்லியே அந்தக் கடிதத்தை முடிக்கிறார்.