நண்பரின் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் டைரக்டராகச் சேரப்போகிறேன். டின் எண் எடுப்பது எப்படி, ஆடிட்டரே எல்லாம் பார்த்துக்கொள்வாரா?

விண்ணப்பிக்கும் முன் ஒரு விஷயம். உங்களுக்கு ஏற்கெனவே டின் (டைரக்டர் அடையாள எண்) இருக்கிறதா? என்றோ ஒரு எல்எல்பியில் (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை நிறுவனம்) டெசிக்னேட்டட் பார்ட்னராக, அதாவது சட்டப்படி பொறுப்பேற்கும் கூட்டாளியாகச் சேர்ந்திருந்தால் அன்று வந்த எண்தான் உங்கள் டின். 2011-லேயே அந்தப் பார்ட்னர் எண்ணையும் டின்னையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எட்டு இலக்க எண்; கம்பெனிக்கு அல்ல, ஆளுக்கு; ஆயுளுக்கும் ஒன்றே. மறந்துபோய் இரண்டாவது எடுத்தால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 155-ஆம் பிரிவை மீறியதாகிவிடும். 159-ஆம் பிரிவின்படி 50,000 ரூபாய் வரை அபராதம், அப்படியே நீடித்தால் நாளுக்கு 500 ரூபாய் வரை கூடும்.

புதுக் கம்பெனி என்றால் அதைப் பதிவுசெய்யும் ஸ்பைஸ் பிளஸ் படிவத்திலேயே மூன்று பேர் வரை டின் வாங்கிவிடலாம். உங்களுடையது நடந்துகொண்டிருக்கும் கம்பெனி, எனவே டின்னுக்கான டிஐஆர்-3 படிவம். கட்டணம் 500 ரூபாய். உங்களை டைரக்டராக நியமிக்க உத்தேசிப்பதாகக் கம்பெனியின் போர்டு தீர்மானம், போட்டோ, பான், முகவரிச் சான்று வேண்டும். உங்கள் டிஜிட்டல் கையெழுத்தோடு, கம்பெனியில் இப்போதிருக்கும் டைரக்டரோ கம்பெனி செக்ரட்டரியோ தம் கையெழுத்தையும் போடவேண்டும்.

படிவம் பெரும்பாலும் திரும்பி வருவது பெயரால்தான். நம் ஊர் இனிஷியல் வழக்கத்துக்கும் இந்தப் படிவத்துக்கும் ஆகவே ஆகாது. பான் கார்டில் 'குமார் ராமசாமி' என்று அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக நிற்கும், ஆதாரில் 'ரா. குமார்' என்றிருக்கும். படிவத்தின் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் வருமான வரித் துறையின் பான் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். எனவே பான்தான் அளவுகோல். ஆதார் வேறாக இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள். திருமணமான பெண்களும் அப்பா பெயரைத்தான் தரவேண்டும், கணவர் பெயர் செல்லாது.

முகவரிச் சான்றாக ஈபி பில்லை நீட்டுபவர்கள் அதிகம். அது பெரும்பாலும் அப்பா பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருக்கும். இரண்டு மாதத்துக்குள் எடுத்த உங்கள் பெயரிலான பேங்க் ஸ்டேட்மென்ட் போதும்.

ஆடிட்டர் பற்றி: படிவத்தை அவர் நிரப்பட்டும், மொபைல் எண்ணும் ஈமெயிலும் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஆபீஸ் ஈமெயிலையே எல்லா கிளையன்ட்டுக்கும் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஆடிட்டரை மாற்றிய பிறகு கேஒய்சி (டைரக்டர் தம் விவரங்களைச் சரிபார்த்து உறுதிசெய்வது) நேரத்தில் ஓடிபி பழைய ஆபீஸுக்குப் போய்ச் சேரும்.

அந்த கேஒய்சி 2018-ல் வந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 30 கெடுவாக இருந்ததை, 2026 மார்ச் 31 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் 30-க்குள் என்று மாற்றியிருக்கிறார்கள். நடுவில் மொபைலோ ஈமெயிலோ வீட்டு முகவரியோ மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். கெடு தவறினால் டின் முடங்கும். உயிர்ப்பிக்க 5,000 ரூபாய். பணம்கூடப் பரவாயில்லை. இரண்டே டைரக்டர் உள்ள கம்பெனியில் இருவர் டின்னும் முடங்கினால் ஏஓசி-4 (ஆண்டுக் கணக்கு), எம்ஜிடி-7 (ஆண்டு அறிக்கை) படிவங்கள் எதிலும் கையெழுத்துப் போட ஆளிருக்காது, அவற்றுக்குத் தாமதக் கட்டணம் நாளுக்கு 100 ரூபாய் வீதம் ஏறிக்கொண்டிருக்கும்.

டின் வந்ததுமே நீங்கள் டைரக்டர் ஆகிவிடவில்லை. டிஐஆர்-2 படிவத்தில் சம்மதம் கொடுத்து, நியமனம் நடந்து, 30 நாளுக்குள் அதைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைக் கம்பெனி தாக்கல் செய்தால்தான் பதிவில் உங்கள் பெயர் ஏறும். கையெழுத்துப் போடுவதற்குள் கம்பெனியின் பழைய ஆண்டுக் கணக்குகள் தாக்கலாகியிருக்கின்றனவா என்று எம்சிஏ (கம்பெனி விவகாரங்கள் அமைச்சகம்) தளத்தில் பார்த்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்கள் 164(2) பிரிவில் ஐந்து ஆண்டு தகுதி இழப்பார்கள், அதைக் கேஒய்சி கட்டணம் கட்டிச் சரிசெய்ய முடியாது.

நியமனம் நடக்காமலே போனால், எங்கும் டைரக்டராகப் பயன்படுத்தாத டின்னை டிஐஆர்-5 வழியாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.